இல்லை என்பதும் ஒரு விடை

அறியாமை தீங்கு செய்யும் என்பதை எல்லோரும் அறிவோம். அரைகுறை அறிவு அதனினும் பெரிய தீங்கு செய்யும் என்பதைச் சென்ற தைத் திங்களில், கரோல்பாக்கில் உள்ள என் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டேன்.

விடுதிச் சாப்பாட்டின் சுவையைப் பற்றி இவ்விதழைப் படிக்கும் நண்பர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து தில்லிக்குப் படிக்க வந்த இந்த இரண்டு ஆண்டுகளில், ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் கால்கள் தாமாகவே பெரியம்மா வீட்டை நோக்கி நடக்கும். அன்றும் வற்றல் குழம்பும் அப்பளமுமாக வயிறார உண்டு எழுந்தேன். கை கழுவிக்கொண்டு திரும்பியபோது பெரியம்மா தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"ஏம்ப்பா, நீ வட்டம் வட்டம்னு ஏதோ படிக்கிறதாச் சொன்னியே, அதுதானா இது, பாரு."

யாரோ எழுதி, யார் யாரோ அனுப்பி, ஊரெல்லாம் சுற்றி அவரிடம் வந்து சேர்ந்த செய்தி அது. புற்றுநோயை உண்டாக்கும் வட்ட வடிவ மூலக்கூறு பிடிபட்டுவிட்டதாம். இனி ஒரு சொட்டு இரத்தத்தில் எல்லாம் தெரிந்துவிடுமாம்.

பெரியம்மா நான்கு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகி, அறுவை மருத்துவமும் கதிர் மருத்துவமும் பெற்று நலமடைந்தவர். ஆண்டுக்கு ஒரு முறை மேமோகிராம் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. இம்முறை அதற்கு உரிய நாள் கடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"அந்த மெஷின்ல வச்சு அமுக்கறப்ப உயிரே போயிடுது. இனிமே ரத்தத்துலயே பாத்துடலாம்னு போட்டிருக்கானே. அது வர்ற வரைக்கும் பொறுத்துக்கலாமேன்னு இருந்துட்டேன்."

உண்ட உணவு எனக்கு நெஞ்சிலேயே நின்றது. நாள்தோறும் ஆய்வுக்கூடத்தில் நான் கட்டிக்கொண்டு அழும் பொருள், உருமாறி, ஊதிப் பெருத்து, என் வீட்டுக்குள்ளேயே புகுந்து, ஒரு நோயாளியை மருத்துவரிடம் போகாமல் தடுத்து நிறுத்தியிருக்கிறது! அன்று அவருக்குச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். இதில் அறிவியல் படிக்கும் நம் போன்றோரின் பொறுப்பும் அடங்கியிருக்கிறது என்பதே நான் சொல்ல வந்தது.

முதலில் அந்த வட்டம் எது என்று பார்ப்போம். உயிரணுவின் மூலநூல் டி.என்.ஏ. வேண்டிய பகுதியை மட்டும் அதிலிருந்து படியெடுத்துக் கொடுப்பது ஆர்.என்.ஏ. எடுத்த படி அப்படியே பயன்படுவதில்லை. அதில் வேண்டாத துண்டுகளை வெட்டி எறிந்து, வேண்டிய துண்டுகளை வரிசையாக ஒட்டுகிறது உயிரணு. ஒட்டப்படும் துண்டுகளை எக்ஸான் என்றும், எறியப்படுவனவற்றை இன்ட்ரான் என்றும் கூறுவர். முன்துண்டின் வாலோடு பின்துண்டின் தலையை ஒட்டுவது வழக்கம். சில வேளைகளில் பின்துண்டின் வால் வளைந்து வந்து முன்துண்டின் தலையோடு ஒட்டிக்கொள்கிறது. இருபுறத்து இன்ட்ரான்களிலும் ஒன்றோடொன்று பொருந்தும் எழுத்து வரிசைகள் இருந்தால், அவை கை கோத்துக்கொண்டு இந்த வளைவுக்குத் துணை செய்கின்றன. இவ்வாறு முனையே இல்லாமல் பிறப்பதுதான் வட்ட ஆர்.என்.ஏ.

முனை இல்லாமையால் என்ன நன்மை? நம் வீட்டுப் பெண்கள் தொடுக்கும் பூச்சரத்தை நினைத்துப் பாருங்கள். சரத்தின் முனை முடிச்சு அவிழ்ந்தால் பூக்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்துவிடும். இரு முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டால் அவிழ்வதற்கு முனை ஏது? உயிரணுவில் ஆர்.என்.ஏ. இழைகளை முனையிலிருந்து அரித்துத் தின்னும் நொதிகள் பல உண்டு. நேர் இழைகளுள் பெரும்பாலானவை சில மணி நேரங்களில் அழிந்துபோக, வட்டங்கள் பல ஒரு நாளைக்கு மேலும் நிலைத்திருக்கின்றன. இரத்தத்திலும் சிறுநீரிலும்கூட அவற்றைக் காண முடிகிறது. "ஒரு சொட்டு இரத்தம்" என்ற ஆசை பிறந்தது இங்கேதான். அந்த ஆசை அடிப்படையற்றதன்று. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2,000-க்கும் மேற்பட்ட புற்றுநோய் மாதிரிகளிலிருந்து வட்டங்களைத் தொகுத்து 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்குரிய சில வட்டங்களை நோயாளிகளின் சிறுநீரிலேயே அவர்கள் கண்டனர்.

ஆனால் காண்பது வேறு. காரணம் என்று துணிவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தொலைவை மறந்ததால்தான் இன்று இத்துறையில் குழப்பம் மிகுந்திருக்கிறது.

இதன் வரலாறே ஒரு பாடம். செடிகளை நோய்ப்படுத்தும் வைராய்டு என்னும் நுண்பொருள் வட்ட வடிவ ஆர்.என்.ஏ.தான் என்று 1976-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஹைன்ஸ் சேங்கரும் அவர் தோழர்களும் காட்டினர். 1979-ஆம் ஆண்டில் சூ, கோகா-பிராடோஸ் என்னும் இருவர் விலங்கு உயிரணுக்களிலும் இத்தகைய வட்டங்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டனர். 1991-ஆம் ஆண்டில், பெருங்குடல் புற்றுநோயில் இழக்கப்படும் டி.சி.சி. என்னும் மரபணுவை ஆராய்ந்துகொண்டிருந்த வோகல்ஸ்டீன் குழுவினர், எக்ஸான்கள் வரிசை மாறி ஒட்டியிருப்பதைக் கண்டு வியந்தனர். புற்றுநோய் ஆராய்ச்சியின் வாசலிலேயே இந்த வட்டத்தின் சுவடு தென்பட்டது என்பது குறிக்கத்தக்கது. ஆயினும் அளவில் மிகச் சிறிதாக இருந்தமையால் பலரும் இதை உயிரணுவின் கைப்பிழை என்றே கருதினர். 1993-ஆம் ஆண்டில் வந்த ஒரு கட்டுரையின் தலைப்பே, இவ்வட்டங்கள் பிழையான ஒட்டுதலால் பிறப்பவை என்று சொல்லியது.

இருபது ஆண்டுகள் இப்படியே கழிந்தன. 2012-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சால்ஸ்மன் குழுவினர், நூற்றுக்கணக்கான மனித மரபணுக்களில் நேர் இழையை விட வட்டமே மிகுதி என்று காட்டினர். அடுத்த ஆண்டு பெர்லினிலிருந்து ஒரு குழுவும், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரிலிருந்து ஒரு குழுவும் ஒரே வட்டத்தைப் பற்றிப் பெருஞ்செய்தி ஒன்றைக் கொண்டுவந்தன. சி.டி.ஆர்.1-ஏ.எஸ். என்பது அதன் பெயர். மரபணுக்களை அடக்கி வைக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுள் 7 என்ற எண்ணுடையது ஒட்டிக்கொள்ள, அந்த ஒரே வட்டத்தில் 70-க்கும் மேற்பட்ட இடங்கள் இருந்தன. பஞ்சு நீரை உறிஞ்சுவது போல இவ்வட்டம் அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் கொள்கை.

அவ்வளவுதான்! பஞ்சுக் கொள்கை காட்டுத் தீயாகப் பரவியது. பிறகு வந்த கட்டுரைகளைப் படித்தால் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளைப் பார்ப்பது போல் இருக்கும். ஒரு புற்றுநோய், அதில் மிகுந்து காணப்படும் ஒரு வட்டம், அது உறிஞ்சும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.; அதனால் தடை நீங்கிப் பெருகும் ஒரு புரதம்; முடிவில், இவ்வட்டமே இந்நோயின் காரணம், இதுவே நாளைய மருந்துக்கு இலக்கு என்னும் மங்களம். புற்றுநோயின் பெயரும் எண்ணும் மாறும், கதை மாறாது. படங்களில் முறைகேடு கண்டு ஏடுகள் திரும்பப் பெற்ற கட்டுரைகளும் இவற்றுள் பல உண்டு.

அந்த முதல் வட்டத்தின் கதையே பின்னால் எப்படித் திரும்பியது என்று பாருங்கள். 2017-ஆம் ஆண்டில் பெர்லின் குழுவினர் எலிகளில் அவ்வட்டத்தை அடியோடு நீக்கிப் பார்த்தனர். பஞ்சு போய்விட்டால், சிறைப்பட்டிருந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. மூளையில் பெருக வேண்டும் அல்லவா? நேர்மாறாக, அது குறைந்தது! அப்படியானால் அவ்வட்டம் அதைப் பாதுகாக்கவும் செய்கிறது என்றாகிறது. அதே காலத்தில், பெருங்குடல் புற்றுநோயை இவ்வட்டம் வளர்க்கிறது என்று கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. 2020-ஆம் ஆண்டில் ஆர்ஹுஸ் குழுவினர் கட்டியை மெல்லிய சீவல்களாக அறுத்து, வட்டம் எந்த உயிரணுவில் இருக்கிறது என்று இடம் குறித்துப் பார்த்தனர். புற்று உயிரணுக்களில் அதைக் காணவில்லை! சுற்றிலும் பந்தற்கால் போல் கட்டியைத் தாங்கி நிற்கும் துணைத் திசுவில்தான் அது இருந்தது. கட்டி முழுவதையும் அரைத்து அளந்தபோது, துணைத் திசுவின் சரக்கு புற்றின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. அதே 2020-ஆம் ஆண்டில் நியூயார்க்கிலிருந்து வந்த ஆராய்ச்சி, மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் இவ்வட்டம் மறைந்துபோவதே நோய் பரவுவதற்குத் துணை செய்கிறது என்று காட்டியது. ஒரே வட்டம், ஓரிடத்தில் வளர்ப்பதாகச் சொல்லப்பட்டது, மற்றோரிடத்தில் தடுப்பதாகத் தெரிகிறது.

இங்கே நான் வணங்குவது ஆர்ஹுஸ் குழுவினரை. 2013-ஆம் ஆண்டில் பஞ்சுக் கொள்கையைக் கொண்டுவந்து புகழ் பெற்றவர்களுள் அவர்களும் உண்டு. அவர்களே ஏழாண்டு கழித்து, புற்றுநோய் வரை அக்கொள்கையை நீட்டியது சரியா என்று கேட்டு, இல்லை என்று எழுதினர். தாம் நட்ட மரத்தின் கிளையைத் தாமே கழிக்கும் துணிவு எல்லோருக்கும் வருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. 2015-ஆம் ஆண்டில் வியன்னாவிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சி, உயிரணுக்கள் விரைந்து பிளவுபடும் திசுக்களில் வட்டங்களின் அளவு பொதுவாகவே குறைந்திருப்பதைக் காட்டியது. வட்டங்கள் மெல்லச் சேர்பவை. உயிரணு ஒன்று இரண்டாகும்போதெல்லாம் சேர்ந்த சரக்கும் பங்கு போகிறது. குடும்பம் பெருகப் பெருக ஆளுக்குக் கிடைக்கும் நிலம் சுருங்குவது போலத்தான் இதுவும். ஆகவே கட்டியில் ஒரு வட்டம் குறைந்திருந்தால், அது நோயைத் தடுத்து நின்ற காவலன் என்று உடனே முடிசூட்டிவிடக் கூடாது. உயிரணுக்கள் விரைந்து பெருகியதன் நிழலாகவும் அது இருக்கலாம்.

என் சொந்த அனுபவத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்று உயிரணுக்களில் மிகுதி என்று பேசப்படும் ஒரு வட்டம் எனக்கு ஆய்வுப் பொருளாகக் கிடைத்தது. வட்டத்தைத் தேடுவதற்கு இரண்டு பிரைமர்களை முதுகோடு முதுகு காட்டி நிற்கும்படி அமைப்பார்கள். நேர் இழையில் அவை ஒன்றையொன்று சந்திக்கா. வட்டத்தில் மட்டும் சுற்றி வந்து சந்திக்கும். பி.சி.ஆர். முடித்து ஜெல்லில் ஓட்டினேன். எதிர்பார்த்த இடத்தில் பளிச்சென்று ஒரு கோடு! அன்று மாலை விடுதி நண்பர்களுக்கெல்லாம் என் செலவில் தேநீர்.

மறுநாள் என் ஆசிரியை படத்தைப் பார்த்துவிட்டு, "ஆர்.என்.ஏஸ்-ஆர் போட்டுப் பார்த்தாயா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அது நேர் இழைகளைத் தின்றுவிட்டு வட்டங்களை விட்டுவைக்கும் நொதி. போட்டேன். கோடு மறைந்தது. நொதியில் கோளாறோ, என் கையில் கோளாறோ என்று மூன்று முறை செய்தேன். வட்டம் என்று நன்கு நிலைநாட்டப்பட்ட ஹிப்கே3 வட்டத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டேன். அது மூன்று முறையும் அசையாமல் நின்றது. என்னுடையது மூன்று முறையும் மாயமாயிற்று. ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் நொதி, படியெடுக்கும்போது ஓர் இழையிலிருந்து மற்றோர் இழைக்குத் தாவிவிடுவதுண்டு. அத்தாவல் வட்டத்தின் ஒட்டு போன்றே ஒரு பொய்த் தோற்றத்தைத் தரும். என் கோடு அத்தகைய தோற்றமாகவே இருக்க வேண்டும். எப்படியாயினும் என் உயிரணுக்களில் நான் கண்டது வட்டம் அன்று.

அப்போது ஒரு நண்பர் அன்போடுதான் அறிவுரை சொன்னார்: "முதல் படத்தை மட்டும் போடு. இரண்டாவதை யார் கேட்கப் போகிறார்கள்? வேலைக்கு மனுப்போடும்போது கட்டுரைக் கணக்குத்தான் பேசும்." அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஊரில் தந்தை ஓய்வு பெறப் போகிறார், தங்கை படிக்கிறாள், ஊர் விட்டு ஊர் வந்து படிக்கும் நாம் எல்லோரும் இந்தத் தராசில் ஏறி நிற்பவர்களே. இரண்டு இரவுகள் எனக்கு உறக்கம் வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பெரியம்மாவின் கைப்பேசிச் செய்தி என் கண்ணில் பட்டது அதற்கு அடுத்த வாரம். இரண்டாவது படத்தைக் கேட்பவர் யார் என்ற கேள்விக்கு எனக்கு அங்கே விடை கிடைத்துவிட்டது.

முதல் படத்தை மட்டும் போட்ட கட்டுரை அத்தோடு நின்றுவிடுவதில்லை. அதை நம்பி மற்றொரு மாணவர் தம் ஈராண்டைச் செலவிடுவார். அதை ஒரு செய்தியாளர் ஒரு சுற்று ஊதுவார். அதை ஒருவர் கைப்பேசியில் இன்னொரு சுற்று ஊதுவார். கடைசியில் ஏதோ ஒரு வீட்டுக் கூடத்தில், எந்திரத்தின் வலிக்கு அஞ்சும் ஒரு தாய், இன்னும் பிறக்காத ஒரு சோதனைக்காகக் காத்திருப்பார். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர் ஏறத்தாழ 14.6 இலட்சம் பேர் என்பது தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் மதிப்பீடு. நாம் அலட்சியமாக எழுதும் ஒரு வரி, இவர்களுள் யாருடைய வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று யார் அறிவார்?

"இப்படி எல்லாவற்றையும் ஐயுற்றால் விஞ்ஞானம் வளர்வது எப்படி? ஐயம் மிகுந்ததால்தானே இருபது ஆண்டுகள் இந்த வட்டங்களைப் பிழை என்று ஒதுக்கி வைத்தார்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஆனால் அன்று நடந்தது ஐயம் அன்று, அசட்டை. ஐயுறுபவன் மேலும் சோதிக்கிறான். அசட்டை செய்பவன் சோதிப்பதை நிறுத்திவிடுகிறான். அன்று சோதிக்காமல் பிழை என்றார்கள். இன்று சோதிக்காமல் காரணம் என்கிறார்கள். இரண்டும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள்.

முறையாகச் சோதித்தால் வட்டங்கள் நம்மைக் கைவிடுவதும் இல்லை. 2019-ஆம் ஆண்டில் டொரோன்டோ நகர ஆராய்ச்சியாளர் 144 புராஸ்டேட் கட்டிகளை ஆராய்ந்து 76,311 வட்டங்களைக் கண்டனர். அதோடு நில்லாமல், அவற்றுள் மிகுதியாக உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் குறைத்து, உயிரணுவின் பெருக்கம் தடைப்படுகிறதா என்று பார்த்தனர். சோதித்தவற்றுள் 171 வட்டங்கள், அதாவது நூற்றுக்கு 11 அளவில், பெருக்கத்துக்கு இன்றியமையாதவை என்று தெரிந்தது. நூற்றுக்குப் பதினொன்று என்பது சிறிய செய்தியா? வட்டங்களுக்கு வேலை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் எஞ்சிய 89-ஐயும் அந்தக் கணக்கு நேர்மையாகச் சொல்கிறது. அந்த 89 இல்லாமல் இந்த 11-க்கு மதிப்பில்லை. லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோயிலும், இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொள்ளும் இடத்திலிருந்து பிறக்கும் வட்டங்கள் நோய்க்குத் துணை போகின்றன என்று 2016-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரக் குழு ஒன்று காட்டியது. உண்மையான பொன் இருக்கிறது. அதனால்தான் பித்தளையைப் பிரித்தெடுக்க வேண்டும் என்கிறேன்.

பிரிப்பதற்கு உரைகல்லும் உண்டு. இத்துறை அறிஞர் பலர் கூடி 2022-ஆம் ஆண்டில் நன்முறைகளைத் தொகுத்து வெளியிட்டிருக்கின்றனர். நான் புரிந்துகொண்ட வரையில் ஒவ்வொரு மாணவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு. நான் கண்டது வட்டந்தானா? கட்டியில் எந்த உயிரணுவில் இருக்கிறது? ஓர் உயிரணுவில் எத்தனை இருக்கின்றன? விரல் விட்டு எண்ணத்தக்க சில வட்டங்கள், ஒட்டுமிடம் ஒன்றிரண்டே உடையவை, ஆயிரக்கணக்கான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை உறிஞ்சிவிடும் என்பது ஏரியைப் பஞ்சால் வற்றடிப்பேன் என்பது போன்றது. நான்காவது, வட்டத்தை அழிக்கும்போது அதே மரபணுவின் நேர் இழையைத் தொடாமல் அழித்தேனா? தொட்டிருந்தால், விளைவு யாருடையது என்று எப்படிச் சொல்வது? இந்நான்குக்கும் விடை தராத கட்டுரையில் "காரணம்" என்ற சொல்லுக்கு இடம் இருக்கக் கூடாது. "காணப்படுகிறது" என்று எழுதலாம். அதில் இழிவு ஒன்றுமில்லை.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இல்லை" என்று முடியும் ஆய்வேட்டையும், அது முறையாகச் செய்யப்பட்டிருந்தால், முழு மதிப்போடு ஏற்க வேண்டும். விடை எதுவாக இருந்தது என்பதற்கு மதிப்பெண் போடும் வரையில், மாணவன் விடையைத் தேடமாட்டான், மதிப்பெண்ணைத்தான் தேடுவான். தேடிய விதத்துக்கு மதிப்பெண் போடுங்கள். பொய்ப் படங்களுக்குத் தேவையே இராது. என் ஆசிரியை என் மூன்று மறைந்த கோடுகளையும் ஆய்வேட்டில் முதற்பக்கப் படமாகவே வைக்கச் சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் அப்படிப்பட்ட ஆசிரியர் வாய்ப்பதில்லை என்பதால்தான் இதை விதியாகவே ஆக்க வேண்டும் என்கிறேன்.

தமிழ் மாணவ நண்பர்களே, நமக்கென்றும் ஒரு கடமை இருக்கிறது. பெரியம்மாவுக்கு வந்த அந்தச் செய்தி நல்ல, எளிய தமிழில் இருந்தது. அதை மறுக்கும் ஆராய்ச்சிகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பொய் வீட்டு மொழியில் கதவைத் தட்டுகிறது. மெய் வேற்று மொழியில் வாசலில் நிற்கிறது. எது உள்ளே வரும் என்று சொல்ல வேண்டுமா? பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் நம் சங்கம், திங்களுக்கு ஒரு மாலையை இதற்கென ஒதுக்கினால் என்ன? ஆய்வுக்கூடத்தில் பணி புரிவோர் வந்து, தாம் கண்டதையும் காணாததையும் வீட்டில் பேசும் தமிழில் சொல்லட்டும். வணிகவியல் படிப்பவரும் வரலாறு படிப்பவரும் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். ஊரில் உள்ள பெற்றோருக்கு நாளை ஒரு செய்தி வந்தால், அதைப் பிரித்துச் சொல்ல வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்.

அன்று பெரியம்மா கடைசியாகக் கேட்டது இதுதான்: "அப்போ, இந்த வட்டம் எனக்கு உதவாதாப்பா?"

"இல்லை பெரியம்மா, இப்போது இல்லை" என்றேன். "உங்கள் நோயைப் பார்க்க மருத்துவமனையில் வழக்கமாகச் செய்யும் சோதனைகளில் இது இன்னும் சேரவில்லை. என்றைக்காவது வரலாம். வந்தால் முதலில் நானே ஓடி வந்து சொல்கிறேன். அதுவரை அந்த எந்திரந்தான்."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். அவருக்கு அது ஏமாற்றந்தான். இனிப்பான பொய்யை வாங்கிக்கொண்டு கசப்பான மெய்யைக் கொடுத்த குற்ற உணர்வு எனக்கும் இருந்தது. பிறகு, "நாளைக்கு உனக்கு வகுப்பு இருக்கா?" என்று கேட்டார். மறுநாள் இருவரும் போய்ப் படம் எடுத்து வந்தோம். மருத்துவர் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு வரச் சொல்லி அனுப்பினார்.

வட்டங்களைப் பற்றி நான் இந்த ஈராண்டில் உலகுக்குச் சொன்னது ஒரே ஒரு சொல்: இல்லை. அது ஒரு நோயாளியை உரிய இடத்துக்கு அழைத்துச் சென்றது. வெறுங்கையோடு ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பும் நண்பர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நேர்மையாகத் தேடிப் பெற்ற "இல்லை" என்பதும் ஒரு விடைதான். அதைத் தலை நிமிர்ந்து எழுதுவோம்.